கண்ட்ரோலர் கெட்டுப்போகவில்லை, கணினிக்குத்தான் புரியவில்லை



சுங்கை பாக்காப்பில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு. நிபோங் திபாலிலிருந்து மாமா மகன் வந்திருக்கிறான். வீட்டிலிருந்த பிளேஸ்டேஷன் 4 பெட்டி போன மாதமே உயிரை விட்டுவிட்டது. ஆனால் அதனுடன் வந்த இரண்டு கண்ட்ரோலர்களும் புதிது போலவே இருக்கின்றன. மேசையில் அக்காவின் மடிக்கணினி. கைக்குக் கிடைத்த ஒரு கம்பியை எடுத்துக் கண்ட்ரோலரைக் கணினியில் செருகுகிறீர்கள். விளக்கு எரிகிறது. கார்ப் பந்தய விளையாட்டைத் திறக்கிறீர்கள். எந்தப் பொத்தானுக்கும் அசைவில்லை. கம்பியை மாற்றி வேறொரு விளையாட்டைத் திறக்கிறீர்கள். அதில் அசைவு இருக்கிறது. ஆனால் குதிப்பதற்கான பொத்தானை அழுத்தினால் கதாநாயகன் வாளை வீசுகிறான். மேலே பார்க்கச் சொன்னால் கீழே பார்க்கிறான்.

“கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு” என்று யாராவது சொல்வார்கள். அசல் கண்ட்ரோலர் ஒன்றைப் புதிதாக வாங்க 200 வெள்ளிக்கு மேல் ஆகும். இன்னொருவர், “இணையத்தில் டிரைவர் தேடி இறக்கு” என்பார். அந்தத் தேடலில் கண்ணில் படும் முதல் பக்கத்தை நம்பினால், கணினியில் வேண்டாத மென்பொருள் குடியேறலாம்.

இரண்டையும் செய்யாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கண்ட்ரோலரிலிருந்து விளையாட்டுக்குச் செய்தி போய்ச் சேர மூன்று படிகள் உண்டு. முதலில், கம்பி வழியாகத் தகவல் கணினிக்கு வர வேண்டும். இரண்டாவதாக, வந்திருக்கும் கருவி எது என்பதைக் கணினி அறிய வேண்டும். மூன்றாவதாக, அது அனுப்பும் எண்களின் பொருள் விளையாட்டுக்குப் புரிய வேண்டும். எந்தப் படியில் தடை என்று தெரிந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

சொந்தப் பெட்டியில் ஏன் இந்தச் சிக்கல் இல்லை?

பிளேஸ்டேஷன் பெட்டியைச் செய்வதும் சோனி. அதன் கண்ட்ரோலரைச் செய்வதும் சோனி. ஒரே வீட்டார் பேசிக்கொள்வதைப் போல, பாதி சொன்னாலே மீதி புரிந்துவிடும். கணினி அப்படியல்ல. அது பேருந்து நிலையம் மாதிரி. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ என்று பல ஊர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். எல்லாரிடமும் அது பேச வேண்டும்.

தொடக்கத்தில் இந்தப் பேச்சு மிகவும் கரடுமுரடாக இருந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் கணினிக்கு விளையாட்டுக் கருவியைப் பொருத்த, 15 ஊசிகள் கொண்ட தனித்துளை ஒன்று இருந்தது. கருவியின் குச்சியை அசைத்தால் அதனுள் இருக்கும் மின்தடை மாறும். கணினி அந்த மின்தடையை நேராக அளக்கவில்லை. மின்தடையின் வழியாக ஒரு சிறிய மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தது. தடை கூடினால் நேரமும் கூடும். அந்த நேரத்தைக் கொண்டே குச்சி எங்கே இருக்கிறது என்று ஊகித்தது! ஒரு கருவியின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால்தான் பழைய விளையாட்டுகள் தொடக்கத்திலேயே, “குச்சியை இடது மூலைக்குத் தள்ளு, வலது மூலைக்குத் தள்ளு” என்று அளவுதிருத்தம் செய்யச் சொல்லின.

விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு இன்னொன்று, விளையாட்டுக் கருவிக்கு வேறொன்று என்றிருந்த நிலையை மாற்றியதுதான் யுஎஸ்பி. இண்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உட்பட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இதன் முதல் வரையறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. அந்தப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர், இந்தியாவின் வடோதராவில் பிறந்து இண்டெலில் பணியாற்றிய பொறியாளர் அஜய் பட். அவரும் உடன் உழைத்தவர்களும் 2013-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதைப் பெற்றார்கள்.

இண்டெல் என்ற பெயர் பினாங்குக்காரர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது நம் பாயான் லெப்பாசில்தான், ஆண்டு 1972. இன்று தென் செபராங் பிறையில், சுங்கை பாக்காப்புக்குப் பக்கத்திலுள்ள பத்து காவானிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது அங்கே ‘ஷிஃப்ட்’ வேலைக்குப் போகலாம். அவர்களிடம் ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் தூக்கிப் போடச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு படியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். நாமும் அதையே செய்வோம்.

முதல் படி: கம்பியில் தகவல் வருகிறதா?

சாதாரண யுஎஸ்பி கம்பியின் தோலை உரித்தால் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சில மலிவான கம்பிகளில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருக்கும். அவை மின்னேற்ற மட்டும் உதவும். நம் கதையில் விளக்கு எரிந்ததும் விளையாட்டு அசையாததும் இதனால் இருக்கலாம். விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தகவல் வருகிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரில் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருந்த அதே சிறிய துளைதான். அப்படிப்பட்ட கைப்பேசி ஒன்றை அதே கம்பியால் கணினியில் இணையுங்கள். கைப்பேசியிலுள்ள படங்களைக் கணினியில் பார்க்க முடிந்தால் கம்பி நல்ல கம்பி. மின்னேற்றம் மட்டும் நடந்தால் கம்பியை மாற்றுங்கள். சில வெள்ளிகளில் முடிந்துவிடும் வேலை இது.

இரண்டாம் படி: வந்திருப்பது யார்?

கம்பியைச் செருகியதும் கணினி முதலில் கேட்பது, “நீ யார்?” என்பதே. கண்ட்ரோலர் இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று தயாரிப்பாளர் எண். மற்றது பொருளின் எண். அடுத்து ஒரு விவரப் பட்டியலையும் கொடுக்கிறது: “என்னிடம் இத்தனை பொத்தான்கள் உண்டு, இத்தனை அச்சுகள் உண்டு, ஒவ்வொன்றின் மதிப்பும் இதிலிருந்து இதுவரை போகும்.” விசைப்பலகையும் சுட்டியும் செருகியவுடன் வேலை செய்வது இப்படிப்பட்ட பட்டியலால்தான்.

விண்டோஸ் கணினியில் இந்தப் படியைச் சோதிக்க, விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ விசையைச் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் ஜே, ஓ, ஒய் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். இணைக்கப்பட்ட விளையாட்டுக் கருவிகளின் பட்டியல் திறக்கும். உங்கள் கண்ட்ரோலர் அதில் இருந்தால், அதன் பண்புகளைத் திறந்து பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த எண்ணிட்ட வட்டங்கள் ஒளிரும். ஸ்டிக்கை அசைத்தால் குறி நகரும். அங்கே எல்லாம் நகர்ந்தால் கண்ட்ரோலர் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். தூக்கிப் போடச் சொன்னவரை அழைத்துக் காட்டுங்கள்!

சில கருவிகள் கூச்ச சுபாவம் கொண்டவை. பிளேஸ்டேஷன் 3-இன் கண்ட்ரோலர் கம்பியில் இணைந்தாலும், பெட்டி ஒரு தனிக் கட்டளை அனுப்பும்வரை பொத்தான் செய்திகளைச் சொல்லாது. நிண்டெண்டோ ஸ்விட்ச் புரோ கண்ட்ரோலரும் கம்பியில் முதலில் சில கட்டளைகளை எதிர்பார்க்கும். அந்தக் கட்டளை விண்டோஸுக்கு இயல்பாகத் தெரியாவிட்டால் இரு தரப்பும் பேசாமல் இருக்கும். இயக்கி, அதாவது டிரைவர், என்ற மென்பொருள் தேவைப்படும் இடம் இதுதான். லினக்ஸ் கணினிகளில் பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ கண்ட்ரோலர்களுக்கான இயக்கிகள் மையநிரலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுள்ளன. பிளேஸ்டேஷன் 5-இன் கண்ட்ரோலருக்கு 2021-இல் வந்த லினக்ஸ் இயக்கியைச் சோனியே எழுதிக் கொடுத்தது.

மூன்றாம் படி: எண்ணுக்கு என்ன பொருள்?

பெரும்பாலான குழப்பம் பிறப்பது இங்கேதான். கண்ட்ரோலர், “குதி” என்று கணினியிடம் சொல்வதில்லை. எண்களைத்தான் அனுப்புகிறது. பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலர் தன் பொத்தான்களைக் கணினியிடம் வரிசைப்படுத்தும்போது 1-ஆம் பொத்தான் சதுரம். 2-ஆம் பொத்தான் பெருக்கல் குறி. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலோ 1-ஆம் பொத்தான் கீழே இருக்கும் ‘ஏ’. “1 வந்தால் குதி” என்று எழுதப்பட்ட விளையாட்டு, எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் சரியாக ஓடும். உங்கள் கையிலோ கீழ்ப் பொத்தானுக்குப் பதில் இடது பொத்தான் குதிக்கும். நிண்டெண்டோவில் இன்னொரு வேடிக்கை: எக்ஸ்பாக்ஸில் கீழே இருக்கும் ‘ஏ’ அங்கே வலது பக்கம், வலது பக்கம் இருக்கும் ‘பி’ அங்கே கீழே.

ஸ்டிக் அனுப்பும் எண்களும் ஒன்று போல இல்லை. பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலர் 8 பிட் பயன்படுத்துகிறது: 0 முதல் 255 வரை, நடுவில் சுமார் 128. ஸ்விட்ச் புரோ 12 பிட்: 0 முதல் 4095 வரை. எக்ஸ்பாக்ஸ் முறையில் 16 பிட்: −32768 முதல் 32767 வரை, நடுவில் 0. எக்ஸ்பாக்ஸில் மேலே தள்ளினால் எண் கூடும். பிளேஸ்டேஷனில் மேலே தள்ளினால் எண் குறையும். வானத்தைப் பார்க்கச் சொன்னால் கதாநாயகன் தரையைப் பார்த்த காரணம் இப்போது புரிகிறதா?

மைக்ரோசாஃப்ட் 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-உடன் ‘எக்ஸ்இன்புட்’ என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. இதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயரும் இடமும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிட்டன. விளையாட்டை எழுதுகிறவர் ஊகிக்க வேண்டியதில்லை. அதனால் விண்டோஸ் விளையாட்டுகள் பலவும் இந்த ஒரு மொழியை மட்டுமே கற்றுக்கொண்டன. பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர் விண்டோஸின் சோதனைப் பக்கத்தில் அழகாக வேலை செய்தும், விளையாட்டில் அசையாமல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தீர்வு, ஒரு மொழிபெயர்ப்பாளர். கண்ட்ரோலருக்கும் விளையாட்டுக்கும் நடுவில் நின்று, “நான்தான் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்” என்று விளையாட்டிடம் சொல்லும் மென்பொருள் அது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் செயலியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரை அது 2016 முதலும், ஸ்விட்ச் புரோவை 2018 முதலும் ஏற்கிறது. ஸ்டீமின் அமைப்புகளில் கண்ட்ரோலர் பகுதிக்குப் போய் உங்கள் வகையை இயக்கினால் போதும். ஸ்டீமில் வாங்காத விளையாட்டையும் அதன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கலாம்.

அந்த மொழிபெயர்ப்பாளர் செய்வது நீங்களும் செய்யக்கூடிய கணக்குதான். பிளேஸ்டேஷன் எண்ணிலிருந்து 128-ஐக் கழியுங்கள். வந்ததை 256-ஆல் பெருக்குங்கள். 0 என்பது −32768 ஆகும். 128 என்பது 0 ஆகும். 255 என்பது 32512 ஆகும். மேல்கீழ் அச்சுக்கு மட்டும் விடையின் குறியைத் திருப்பிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை ஒரே நேரத்தில் வேலைக்கு வைக்காதீர்கள். ஸ்டீமும் ஓடி, வேறொரு மாற்று மென்பொருளும் ஓடினால், ஒரு கண்ட்ரோலரை விளையாட்டு இரண்டாக எண்ணிக்கொள்ளும். பட்டியலில் ஒரு வரி நகர்த்தினால் இரண்டு வரி தாவும். அப்படி நடந்தால் ஒன்றை நிறுத்துங்கள்.

கம்பி இல்லாமல் இணைத்தால்?

பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரில் ‘ஷேர்’ பொத்தானையும் நடுவிலுள்ள ‘பிஎஸ்’ பொத்தானையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக மின்னும். அப்போது கணினியின் புளூடூத் பட்டியலில் அது தெரியும். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்களில் 2016-க்கு முன் வந்தவற்றில் புளூடூத் கிடையாது. அவற்றைக் கம்பியிலோ மைக்ரோசாஃப்டின் தனி வாங்கியிலோதான் இணைக்க முடியும். இல்லாத புளூடூத்தைத் தேடி இரவைக் கழிக்காதீர்கள்.

இணைந்த பிறகு அசைவு விட்டுவிட்டு வந்தால் காற்றில் நெரிசல் என்று பொருள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வீட்டு வைஃபையும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்னொரு குறும்புக்காரனும் உண்டு. யுஎஸ்பி 3 துளையில் வேலை செய்யும் வன்தட்டு போன்ற கருவிகள் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும் என்று இண்டெல் பொறியாளர்களே 2012-இல் அளந்து காட்டினார்கள். உங்கள் புளூடூத் வாங்கி அந்தத் துளைக்குப் பக்கத்தில் செருகியிருந்தால், ஒரு நீட்டிப்புக் கம்பியால் அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மடிக்கணினியின் உள்ளேயே புளூடூத் இருந்தால் வன்தட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

தானே நகரும் ஸ்டிக்

கையை எடுத்த பிறகும் கார் இடப்பக்கம் ஒதுங்குகிறதா? இது மொழிச் சிக்கல் அல்ல, தேய்மானம். பெரும்பாலான ஸ்டிக்குகளின் உள்ளே கரிப்பூச்சுத் தடம் ஒன்றின்மேல் சிறு உலோகத் துண்டு உரசிச் செல்கிறது. நாள்பட நாள்பட அந்தத் தடம் தேய்கிறது. நடுவில் நின்றாலும் எண் 128 என்று வராது.

இதற்காகவே விளையாட்டுகள், “நடுவிலிருந்து இவ்வளவு தூரம்வரை அசைவைக் கண்டுகொள்ளாதே” என்று ஓர் எல்லை வைக்கின்றன. எக்ஸ்இன்புட் முறையில் இடது ஸ்டிக்குக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த எல்லை 7849. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்டிக் 140-இல் நின்றால் விடை 3072. எல்லைக்குள் இருப்பதால் கார் நேராக ஓடும். 165-இல் நின்றால் விடை 9472. எல்லையைத் தாண்டிவிட்டது, கார் ஒதுங்கும். எல்லையைக் கூட்டினால் கார் நேராகும். ஆனால் மெல்லத் திருப்பும் சிறு அசைவுகளும் காணாமல் போகும். 7849 என்பதே முழு அசைவில் ஏறத்தாழ 24 விழுக்காடு. எனவே தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.

உரசலே இல்லாத வழியும் உண்டு. காந்தப்புலம் மாறும்போது மின்னழுத்தம் மாறுவதை 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்தார். அந்த விளைவைக் கொண்டு காந்தத்தின் அசைவைத் தொடாமலே அளக்கும் ஸ்டிக்குகள் இப்போது மீண்டும் வரத் தொடங்கியுள்ளன. மீண்டும் என்பதற்குக் காரணம், சேகா நிறுவனம் 1990-களிலேயே தன் கண்ட்ரோலர்களில் இதைப் பயன்படுத்தியிருந்தது.

இது விளையாட்டு மட்டுமா?

எண்களுக்குப் புதிய பொருள் கொடுக்கும் இதே வேலை, சிலருக்கு விளையாட்டின் கதவையே திறந்துவிடுகிறது. ஒரு கை மட்டும் இயங்கும் ஒருவரால் வழக்கமான கண்ட்ரோலரைப் பிடிக்க முடியாது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரின் பின்புறம் 19 சிறு துளைகள் உண்டு. காலால் அழுத்தும் மிதி, முழங்கையால் தட்டும் பெரிய பொத்தான் என எதை வேண்டுமானாலும் அவற்றில் செருகலாம். கணினியைப் பொறுத்தவரை, அழுத்தியது விரலா, காலா என்ற கவலை இல்லை. வந்த எண் என்ன, அதன் பொருள் என்ன என்பது தெரிந்தால் போதும்.

சரி, இந்த வார இறுதியில் ஒரு வேலை. அலமாரியில் தூங்கும் பழைய கண்ட்ரோலர் ஒன்றை எடுங்கள். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு கணினியில் இணையுங்கள். ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: தகவல் வருகிறதா? கணினி அறிகிறதா? விளையாட்டுக்குப் புரிகிறதா? ஒவ்வொன்றாகச் சோதித்து விடையை எதிரே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கம்பியையும் மென்பொருளையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். மென்பொருள் எதுவும் தேவைப்பட்டால், அதைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

மூன்று படிகளும் தேறிய பிறகும் கண்ட்ரோலர் பேசவில்லையென்றால், அப்போது சொல்லலாம், கெட்டுப்போய்விட்டது என்று. அதற்கு முன்னால் சொல்ல வேண்டாம்.